எவர்சில்வர் தட்டுகளை விற்றுவிடாதீர்கள்

சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் பொங்கல் விருந்திலிருந்து நம் சங்கத்தின் 300 எவர்சில்வர் தட்டுகளுக்கு வேலை இல்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். தட்டுகள் பழைய இரும்பு எடுப்பவரிடம் போகப் போகின்றன. அவற்றுக்குப் பதிலாக, ஒருவேளை சாப்பிட்டுவிட்டு எறியும் கரும்புச் சக்கைத் தட்டு. கூடவே ஒரு கைத்தொலைபேசிச் செயலி. சாப்பிட்டவர் தட்டைப் பச்சைத் தொட்டியில் போட்டு, தொட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை வருடினால் புள்ளிகள் சேரும். புள்ளிகளைக் கொடுத்துத் துணிப்பையோ பவர் பேங்க்கோ வாங்கிக்கொள்ளலாம். தட்டுக் கழுவும் குழுவைக் கலைத்துவிட்டீர்கள். இவ்வளவையும் செய்தால் சங்கத்துக்கு ஒரு பசுமைச் சான்றிதழ் கிடைக்கும் என்று அறிவிப்பு முடிகிறது.

இதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்டேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கு ஆமாம் என்று அர்த்தமா, போதும் நிறுத்துங்கள் என்று அர்த்தமா, தெரியவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் நம் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு குப்பை எரிப்பு ஆலையில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவன். உங்களில் பலருக்கு இது தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. விருந்து வீட்டில் குப்பைப் பேச்சு எடுத்தால் முகம் சுளிப்பார்கள் என்று நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும்.

நம் அடுக்குமாடி புளோக்கின் குப்பைக் குழாயில் போடும் பை, லாரி ஏறி ஆலைக்கு வருகிறது. லாரி பின்பக்கமாக வந்து ஆழமான ஒரு குழிக்குள் கொட்டும். நாற்றம் வெளியே போகாதபடி அந்தக் குழியின் காற்றை உறிஞ்சி உலைக்கே அனுப்புவார்கள். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, இரும்பு நகங்கள் உள்ள பெரிய கவ்வியால் குப்பையை அள்ளி, தூக்கி, மறுபடி கொட்டிக் கலக்குவது என் வேலை. கலக்காமல் போட்டால் உலை ஒழுங்காக எரியாது. சோறு, குழம்பு, பழத்தோல் எல்லாம் ஈரம். காகிதமும் பிளாஸ்டிக்கும் காய்ந்தவை. ஈரம் ஒரே இடத்தில் சேர்ந்தால் சூடு இறங்கும், காய்ந்தது சேர்ந்தால் எகிறும். உலைக்குள் 850 முதல் 1,000 டிகிரி வரை சூடு இருக்கும். எரிந்து முடிந்ததும் குப்பையின் கனஅளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். இரும்பைக் காந்தம் பிரித்தெடுக்கும். மிச்சச் சாம்பல் பார்ஜ் என்ற சரக்குப் படகில் ஏறி, புலாவ் செமாக்காவ் தீவில் இருக்கும் குப்பைமேட்டுக்குப் போகும்.

அந்தக் குப்பைமேடு 1999இல் திறந்தது. இரண்டு தீவுகளை ஒட்டிய கடலை 7 கிலோமீட்டர் நீளக் கல்கரையால் வளைத்து உண்டாக்கிய 350 ஹெக்டர் இடம். அங்கிருந்த மீனவக் குடும்பங்களை நாம் வாழும் பெரிய தீவுக்கு மாற்றினார்கள். 2045 வரை தாங்கும் என்று முதலில் நினைத்தார்கள், இப்போது 2035இலேயே நிறைந்துவிடும் என்கிறார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அங்கே போய்ச் சேரும் குப்பையை 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது 2019இல் அரசாங்கம் வைத்த இலக்கு.

உங்கள் கரும்புச் சக்கைத் தட்டும் இதே வழியாகத்தான் போகும். 'மக்கும் தட்டு' என்று அறிவிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது மக்க வேண்டுமானால் யாராவது தனியாகச் சேகரித்து, உரமாக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி எந்த ஏற்பாடும் நீங்கள் செய்யவில்லை. பொதுக் குப்பையில் சேர்ந்துவிட்டால் அது உலைக்குத்தான் வரும். கரும்புச் சக்கையில் இருக்கும் கரி, அதாவது கார்பன், செடி காற்றிலிருந்து உறிஞ்சியது, பிளாஸ்டிக்கில் இருப்பது பூமிக்கடியிலிருந்து தோண்டியது. அந்த வித்தியாசம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் இதுவரை பிளாஸ்டிக் தட்டிலா சாப்பிட்டோம்? ஒப்பிடுவதென்றால், பல வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்ட, இனிமேல் யாரும் புதிதாகச் செய்யத் தேவையே இல்லாத எவர்சில்வர் தட்டோடு ஒப்பிடுங்கள். இருப்பதை எறிந்துவிட்டு எறிவதற்காகவே ஒன்றை வாங்குவதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்றால், அந்தச் சான்றிதழ் எதை அளக்கிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளி ஒன்றுகூடலில் இதை வெள்ளோட்டம் பார்த்தீர்கள். 'மாபெரும் வெற்றி' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அன்று நானும் தொட்டிப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் செயலி திறக்கவில்லை. எச்சில் தட்டோடு வரிசை நின்றது. செயலியில் சேர முழுப்பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. தெரியாத கியூஆர் குறியீட்டை வருடாதீர்கள் என்று காவல்துறை நம் மூத்தோரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டு நடக்கும் ஓர் அம்மா, "எனக்குப் புள்ளி வேண்டாம் தம்பி, தட்டை மட்டும் வாங்கிக்கோ" என்றார். வருடாமல் போட்டால் கணக்கில் ஏறாது என்று தொண்டூழியர் அவரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு தட்டைப் போட அனுமதிக்காகக் காத்திருந்தார்.

அப்புறம் பிள்ளைகள். பவர் பேங்க்குக்கு எத்தனை புள்ளி என்று அவர்கள் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பந்தி மேசையில் அடுக்கியிருந்த, யாரும் தொடாத புதுத் தட்டுகளை உருவி எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில் போட்டு வருடினார்கள். திட்டக்கூட முடியவில்லை. எதற்குப் பரிசு என்று நீங்கள் சொன்னீர்களோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். தட்டை எறிந்தால் பரிசு, எனவே எறிந்தார்கள். அன்று எவ்வளவு தட்டு செலவானது என்று உங்கள் கணக்கிலேயே இருக்கும். வந்தவர்கள் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எல்லாரும் கிளம்பிய பிறகு, துப்புரவு செய்யும் வங்காளதேசத் தம்பி பச்சைத் தொட்டிப் பையையும் மற்றத் தொட்டிப் பையையும் கட்டி ஒரே பெரிய தொட்டிக்குள் போட்டார். இது தனியாகப் போக வேண்டாமா என்று கேட்டேன். "எல்லாம் ஒரே லாரி அங்கிள்" என்றார். அவர்மேல் குறை சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம். தனி லாரி வரும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் தனி லாரி வரப்போவதில்லை.

இதை வைத்து, காசு பணம் காட்டி மனிதனைத் திருத்தவே முடியாது என்று நான் வாதாட வரவில்லை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்கு 5 காசு என்றதும் என்ன நடந்தது என்று கண்கூடாகப் பார்த்தோம். அதுவரை எத்தனை சுவரொட்டி, எத்தனை பள்ளிக் கட்டுரைப் போட்டி! எதற்கும் அசையாத நாம், நம்மில் நல்ல சம்பளக்காரர்களும்தான், 5 காசுக்காகக் கைப்பையில் துணிப்பையை மடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கினோம். பானப் புட்டிக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை என்ற திட்டத்தையும் நான் வரவேற்கிறேன். ஆனால் இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதலாவது வீணாக்குவதற்கு விலை போடுகிறது. இரண்டாவது நம் காசையே நம்மிடம் திருப்பித் தருகிறது. உங்கள் செயலியோ எறிவதைப் பாராட்டி இன்னொரு பொருளைக் கொடுக்கிறது. அந்தப் பவர் பேங்க்கும் ஒருநாள் குப்பைதான். அதுவும் மோசமான குப்பை. குழிக்குள் மின்கலம் ஒன்று நசுங்கித் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

தட்டுக் கழுவும் குழுவில் யார் எதற்காக வந்தார்கள் என்றாவது உங்களுக்குத் தெரியுமா? பூமியைக் காப்பாற்ற என்று ஒருவரும் வரவில்லை. ஓர் அக்கா வீட்டில் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதால் வந்தார். இன்னொருவருக்கு மேடைப் பேச்சு என்றால் தலைவலி, சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் நேராகக் கழுவுமிடத்துக்கு வந்துவிடுவார். எனக்கு ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒரு பாலிடெக்னிக் பையன் சமூக சேவை மணிநேரத்துக்காக வந்தான். கையெழுத்து வாங்கியதும் காணாமல் போய்விடுவான் என்று பேசிக்கொண்டோம். மணிநேரம் முடிந்த பிறகும் வந்தான். பாயசம் மிஞ்சினால் பாத்திரத்தோடு அவனிடம் கொடுப்பார்கள், அது ஒரு காரணம். அக்காமார்களின் கதைகள் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். இப்படி ஆளுக்கொரு சொந்தக் காரணத்துக்காக வந்தவர்களால்தான் விருந்துக்கு விருந்து நூற்றுக்கணக்கான தட்டுகள் குப்பைக்குப் போகாமல் இருந்தன. மனிதர்கள் சுற்றுச்சூழல் உணர்வோடு வரவேண்டும் என்று காத்திருந்தாலும் நடக்காது, பரிசு காட்டி இழுத்தாலும் பரிசு இருக்கும்வரைதான் நிற்பார்கள். பக்கத்தில் ஆள் நின்றால் இவர்களும் நிற்பார்கள். நம் சங்கத்தில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் கலைத்திருக்கிறீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் பார்க்கிறேன். தண்ணீர் வீணாகிறது என்கிறீர்கள். ஒரு தட்டுக்கு 2 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 300 தட்டுக்கு 600 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் உள்ள வீட்டுக் கட்டணப்படி 1,000 லிட்டருக்கு 3 சிங்கப்பூர் வெள்ளி 24 காசு. ஆக, 2 வெள்ளிகூட ஆகாது. விலையை விடுங்கள், நம் ஊரில் தண்ணீரை விலையை மட்டும் வைத்துப் பேசக்கூடாதுதான். 2023 கணக்குப்படி இங்கே ஓர் ஆள் வீட்டில் ஒரு நாளைக்குப் புழங்குவது 141 லிட்டர். ஒரு விருந்துக்கு நாலு பேரின் ஒருநாள் தண்ணீர். இரண்டு பெரிய தொட்டி வைத்து முக்கிக் கழுவினால் அதிலும் பாதி போதும், நாங்கள் அப்படித்தான் கழுவினோம். கரும்புச் சக்கைத் தட்டுக்கு ஆலையில் தண்ணீர் செலவாகவில்லையா? அது வேறு யாருடைய ஊர்த் தண்ணீரோ, அதனால் நம் கணக்கில் வரவில்லை.

தொழில்நுட்பத்துக்கு ஒத்துழைக்காத கிழவன் என்று என்னைப் பற்றிப் பேச்சு அடிபடுவதும் காதில் விழுந்தது. என் குடும்பம் சாப்பிட்டதே தொழில்நுட்பத்தால்தான். எரிப்பு ஆலை இல்லாவிட்டால் இந்தத் தீவில் குப்பையை எங்கே வைப்பது? கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நிலைக்குக் கொண்டுவரும் நியூவாட்டர் 2003இல் வந்தபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் இயந்திரம் நன்றாக வேலை செய்யச் செய்ய நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அடுப்படிக்குள்ளேயே குப்பைக் குழாய் இருக்கும். மூடியைத் திறந்து போட்டால் கீழே விழும் சத்தம் மட்டும் கேட்கும். அதோடு நம் பொறுப்பு முடிந்தது. எங்கள் ஆலைக் குழிக்குள் மெத்தை வரும், கம்பளச் சுருள் வரும், எரிவாயுக் கலன்கூட வரும். போட்டவருக்கு ஒரு நொடி வேலை, எங்களுக்கு உலை அடைத்துக்கொள்ளும் பயம். 2023இல் இங்கே உண்டான உணவுக் கழிவு மட்டும் 7 லட்சத்து 55 ஆயிரம் டன். தன் கண்முன்னால் அது குவிந்து கிடந்தால் யாரும் இவ்வளவு சோற்றை வீசமாட்டார்கள்.

எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டவர் மிச்சத்தை வழித்துப்போட எங்களிடம்தான் வரவேண்டும். பாதிப் பிரியாணியைக் கொட்ட வருகிறவருக்கு எதிரில் நிற்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அடுத்த முறை கொஞ்சமாகப் போட்டுக்கொள்வார். கியூஆர் குறியீட்டுக்கு முகம் இல்லை.

நல்ல கருவிகளைக் கொடுத்தால் பழக்கம் தானாக வந்துவிடும் என்பதற்கு நாடளவிலேயே பதில் இருக்கிறது. மறுசுழற்சிக்கான நீலத் தொட்டிகள் எல்லாப் புளோக்கிலும் இருக்கின்றன, வீட்டுக்கு வீடு மறுசுழற்சிப் பெட்டியும் கொடுத்தார்கள். வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போகும் பங்கு 2018இல் 22 விழுக்காடு. 2023இல் 12. காரணங்கள் பல உண்டு, எல்லாவற்றையும் மக்கள்மேல் போடக்கூடாது. ஆனால் நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு அங்கே போடக்கூடாதவை, அல்லது சாப்பாடும் திரவமும் பட்டு அழுக்கானவை. இதைத் தொட்டி என்ன செய்யும்?

செயலியும் காற்றில் ஓடுவதில்லை. 2020இல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டை, இப்படிப்பட்ட செயலிகளை இயக்கும் கணினிகள் நிறைந்த தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. நாங்கள் குப்பை எரித்துக் கொடுக்கும் மின்சாரம் நாட்டுத் தேவையில் 2, 3 விழுக்காடுதான். நம் சங்கத்தின் ஒரு செயலியால் ஒன்றும் குடி முழுகிவிடாது, தெரியும். இருந்தாலும் கைப்பேசியில் இருப்பதெல்லாம் சுத்தம், கழுவுமிடத்தில் இருப்பதெல்லாம் அசிங்கம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். இந்தப் பசுமைத் திட்டத்தை நீங்கள் ஆலோசித்த கூட்டத்துக்கு நான் பார்வையாளனாக வந்திருந்தேன். குளிரூட்டி போட்ட போட்டில் இரண்டு பேர் சால்வை போர்த்தியிருந்தார்கள். அதைக் குறைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன், நானும் பார்வையாளன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் காரணங்களில் ஒன்றுக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன்: கழுவுவது சிரமம். உண்மை. அதிலும் அந்தச் சிரமம் பெரும்பாலும் பெண்கள் தலையில், அதே நாலைந்து பேர் தலையில் விழுந்தது. இடுப்புவலியோடு வந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய சிரமத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் ஒரு விருந்திலாவது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்திருக்கலாம். நிர்வாகக் குழுவில் இருந்து கழுவுமிடத்துக்கு வந்தவர்களை நான் அறிவேன், பொருளாளர் ஒருவர்தான். குழுவைக் கலைப்பதற்கு முன் குழுவில் இருந்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் கேட்டேன். ஆள் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஒருவர் மட்டும் விட்டது தொல்லை என்றார், அவரை நான் வற்புறுத்த மாட்டேன்.

சான்றிதழ் மேலும், சிறப்பு விருந்தினரோடு எடுக்கும் படத்தின் மேலும், அடுத்த வருட மானிய விண்ணப்பத்தின் மேலும் உங்களுக்கு இருக்கும் ஆசையை நான் தப்பு சொல்லவில்லை. சங்கம் நடத்தப் பணம் வேண்டும், பெயர் வேண்டும். பாயசத்துக்காக வந்த பையனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? ஆனால் அவன் ஆசையால் தட்டு சுத்தமானது. உங்கள் ஆசையால் 300 தட்டு இரும்புக்கடைக்குப் போகிறது.

என் கோரிக்கைகள் இவை. தட்டுகளை விற்பதை உடனே நிறுத்தி வையுங்கள். அவை உறுப்பினர்கள் நன்கொடையில் வாங்கியவை, நிர்வாகக் குழுவின் சொத்து இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு விடுங்கள். தீபாவளி வெள்ளோட்டத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தட்டு செலவானது, செயலி நடத்தும் நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தோம், பச்சைத் தொட்டிக் குப்பை எங்கே போனது என்ற விவரங்களை அதற்கு முன் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். செயலியில் நம் மூத்தோர் கொடுத்த பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் யாரிடம் இருக்கின்றன என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள், வேண்டாம் என்பவர்களின் விவரங்களை நீக்கச் செய்யுங்கள்.

பொங்கலுக்குக் கழுவ ஆள் பட்டியல் போடுங்கள். அரை மணி நேர முறை, ஆணும் பெண்ணும் சரிபாதி. முதல் முறை நிர்வாகக் குழுவினருடையது, சிறப்பு விருந்தினர் பேசும் நேரத்திலேயே. வளைந்து நிற்க முடியாதவர்களுக்குத் துடைத்து அடுக்கும் வேலை, உட்கார்ந்தே செய்யலாம். செயலிக்கு ஒதுக்கிய பணத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கழுவு மேசையும், வழுக்காத ரப்பர் விரிப்பும், நல்ல கையுறைகளும் வாங்குங்கள். செயலி வேண்டும் என்று இளையர்கள் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்க அதைப் பயன்படுத்துங்கள். சமையல் அளவு குறையும், சோறு மிஞ்சாது.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே போடுங்கள், இந்த மாதம் முடிவதற்குள். பட்டியல் போட்டால் என் பெயரை இரண்டாவது முறைக்கு எழுதிக்கொள்ளுங்கள். முதல் முறையில் இருப்பவர்களுக்குத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிப்பது என்று காட்டிக்கொடுக்க முன்னதாகவே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கலைக்கப்பட்ட தட்டுக் கழுவும் குழுவின் உறுப்பினர் ஒருவர்